மாமியின் அறைக்கு வராத சூடு

எங்கள் மல்கிரேவ் வீட்டில் ஹீட்டரைப் போட்டால் ஹோலில் வேர்க்கும். கடைசி அறையில் மூக்கு நுனி விறைக்கும். அந்தக் கடைசி அறையில்தான் என் மாமி, கணவரின் தாய், இருக்கிறார். மன்னார் வெயிலில் வளர்ந்த மனுஷி. இரண்டு சோடி காலுறை, கம்பளித் தொப்பி, என் பழைய குளிர் ஜாக்கெட் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கட்டிலில் இருந்து செபமாலை சொல்லுவார்.

ஜூன் பிறந்து குளிர்காலம் தொடங்கியதும் ஒருநாள், "பிள்ளை, நான் சிட்னிக்குச் சின்னவனிட்டைப் போகப்போறன். அங்கை இவ்வளவு குளிர் இல்லையாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மாமியார் போனால் போதும் என்றிருக்கிற மருமகள்கள் இருக்கலாம், நான் அந்த ரகமில்லை. வேலை முடிந்து வந்தால் கதவைத் திறந்து "சாப்பிட்டனியோ?" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். சிட்னியில் கணவரின் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள் வேறு. போனால் வரமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கணவர் கம்ப்யூட்டர்காரர். "மற்ற அறையளின்ரை வென்டைப் பூட்டினால் காத்து எங்கை போகும்? அம்மான்ரை அறைக்குத்தானே!" என்று மற்ற அறைகளில் கூரையிலிருந்து சூடான காற்று வரும் காற்றுவாய்களை எல்லாம் ஒவ்வொன்றாக மூடினார். கூரை விசிலடிக்கத் தொடங்கியது. மாமியின் அறை அப்படியே கிடந்தது. நாங்களும் சேர்ந்து நடுங்கியதுதான் மிச்சம்.

"விடு மோனை, ஞாயிறு பூசை முடிய நான் வெளிக்கிடுறன்" என்றார் மாமி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூடியதை எல்லாம் திறந்துவிட்டு, கதிரையில் ஏறி ஒவ்வொரு காற்றுவாய்க்கும் கீழே ஒரு டிஷ்யூத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் அது துள்ளியது. மாமியின் அறையில் சும்மா தொங்கியது. அப்படியென்றால் காற்று வரும் வழியில்தான் ஏதோ கோளாறு. கூரைக்குள் ஏறும் துவாரத்தில் கணவரின் வயிறு சிக்கிக்கொண்டது. அவரை இறக்கிவிட்டு நானே போன் வெளிச்சத்தோடு ஏறினேன்.

மாமியின் அறைக்குப் போகும் வெள்ளி நிறக் காற்றுக் குழாயின் மேல் மூன்று பெரிய சூட்கேசுகள் சவாரி செய்துகொண்டிருந்தன. உள்ளே, யாராவது ஊருக்குப் போனால் கொடுத்தனுப்ப என்று மாமி மலிவு விற்பனைகளில் வாங்கிச் சேர்க்கிற சவர்க்காரம், துவாய், பால்மா. கட்டிலுக்குக் கீழே இடமில்லாமல் போனதும் வயிறு வைப்பதற்கு முந்திய நாட்களில் கணவர் மேலே தூக்கி வைத்திருக்கிறார். குழாய் பிதுக்கித் தீர்ந்த பற்பசை டியூப் போலத் தட்டையாகிக் கிடந்தது.

"மூளையைக் கீழை வைச்சுப்போட்டோ இதுக்கை ஏறினனீங்கள்?" என்று மேலிருந்தே கத்தினேன்.

சூட்கேசுகளை ஒவ்வொன்றாக இறக்கக் கொடுத்தேன். நசுங்கிய குழாயைக் கையால் உருட்டி நிமிர்த்தி, அகலமான பட்டியால் மரச்சட்டத்தில் தொங்கவிட்டேன். ஹோலின் காற்றுவாயைப் பாதி மட்டும் மூடச் சொன்னேன்.

இறங்கி வந்தபோது மாமி தன் அறையில் தொப்பியைக் கழற்றிவிட்டு, மேலே கையை நீட்டியபடி நின்றார். சூடு வந்துகொண்டிருந்தது. ஆனால் பக்கத்தில் மூன்று சூட்கேசுகளும் பயணத்துக்கு ஆயத்தம்போல நின்றன. மாமி அவற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்னவனுக்குக் கோல் எடுத்துத் தா" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

"தம்பி, நான் வரேல்லை. நீ பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு லீவுக்கு இஞ்சை வா. ஓம், இடம் கிடக்கு. என்ரை அறையிலை எல்லாரும் படுக்கலாம்."

கூரைத் தூசியோடு அப்படியே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.