யாரும் வாசித்துக் காட்டாத பலகை

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் பிள்ளைகள் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடமாட்டார்கள். பதுளையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் வேனில் வருவார்கள். பெட்டி நிறையக் கதைப் புத்தகம், சாயம், தூரிகை, முகமூடி செய்ய அட்டை. முதலில் வாசிப்பு, அப்புறம் படம் வரைதல், கடைசியில் அதே கதையை நடித்துப் பார்ப்பது. தரம் நான்கில் இருந்த என் மகளுக்கு வாரம் முழுவதும் அந்த ஒரு நாளைப் பற்றிய பேச்சுத்தான்.

நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, இப்போது பதுளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். எங்கள் தோட்டம் இருக்கும் தெமோதரைப் பக்கத்தில் காலையில் பஸ் ஏறினால் திரும்புவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மாசி வந்தால் காமன் கூத்தில் பாடப் போய்விடுவார். அவருடைய வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டைக் காதால்தான் வாங்க வேண்டும். தாளைப் பார்த்துப் பாடுகிறவனை அவர்கள் பாட்டுக்காரன் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பள்ளித் தவணை முடிவில் வாசிப்பு விழா வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் முகமூடி போட்டு நடிக்க, என் மகள் ஓரமாக நின்று கதையை வாசிக்க வேண்டும். பனிமூட்டத்தைப் பிடித்துச் சாக்கில் கட்டிவரப் புறப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, “நீங்க ஒருக்கா வாசிங்கம்மா, எப்பிடி ஏத்தி எறக்கி வாசிக்கிறதுன்னு பாக்கணும்” என்றாள். தேங்காய் துருவிக்கொண்டே வாசித்தேன். இன்னொரு முறை கேட்டாள். அதையும் வாசித்தேன். அதன் பிறகு தன் அப்பாவுக்கு முன்னால் நின்று முழுக் கதையையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“ரெண்டு வாட்டி கேட்டா போதும், எங்க வீட்டுப் புள்ளைக்கு” என்றார். “தாளப் பாக்காத பாப்பா. சனத்தப் பாத்துச் சொல்லு.”

விழாவன்று கொழுந்தெடுக்கிற பெண்கள் பலர் அரைநாள் சம்பளம் போதுமென்று அரைப்பேரோடு வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தாள். படம் மாறும் இடத்தில் சரியாகப் பக்கத்தைப் புரட்டினாள். ஆட்டுக்குட்டி வெறும் சாக்கோடு திரும்பி வருகிற இடத்தில் குரலைத் தணித்தாள் பாருங்கள், மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. பள்ளி அதிபர் எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்து லயத்துப் பெண் என் தோளை இடித்து, “அக்கா, இவளப் பேசாம ரேடியோவுக்கு அனுப்பிருங்க. உங்க வீட்டுக்காரருக்கு இனி கூத்துல வேல இல்ல” என்றாள். நான் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதற்கடுத்த மாதம் மழை பிடித்தது.

பள்ளியிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. ரோட்டால் வந்தால் இரண்டு மடங்கு தூரம். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், மேலே மண் வெடித்திருப்பதைக் கண்டு, தோட்ட ஆபீசிலிருந்து குறுக்குப் பாதையின் தலைப்பில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். மண்சரிவு அபாயம், இவ்வழியே செல்ல வேண்டாம் என்று சிவப்பில், தமிழிலும் சிங்களத்திலும். முன்னால் போன பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு ரோட்டால் சுற்றிப் போனார்கள். என் மகள் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டுக் கடைசியாக வந்தாள். பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கிவிட்டாள்.

அவள் பாதி தூரம் வந்தபோது பின்னால் மலை இறங்கியது. பாதையின் மேல்பாதி இப்போது அங்கே இல்லை. இரண்டு தேயிலை வரிசைகள் வேரோடு கீழே கிடக்கின்றன. அவள் ஒரு செருப்போடு, முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்து வாசலில் நின்றதாகக் கணவர் போனில் சொன்னபோது நான் பதுளை பஸ் நிலையத்தில் இருந்தேன். பஸ்கள் ஓடவில்லை. அந்த இரண்டு மணித்தியாலம் எப்படிப் போயிற்று என்று எழுத என்னால் முடியாது. இன்றும் கூரையில் மழை பலமாக விழுந்தால் எழுந்துபோய் அவள் படுக்கையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து, அவளைக் கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்த பிறகுதான் கேட்டேன்.

“பலகையப் பாக்கலியா நீ?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா எறங்குன?”

“தேயிலைக்கு மருந்து அடிச்சிருக்குன்னு போடுவாங்கள்ல, அந்தப் பலகைன்னு நெனச்சேன்.”

“அதுலதான் தெளிவா எழுதியிருக்கே.”

தலை குனிந்துகொண்டாள். பிறகு, என்னவோ பெரியவர்கள்தான் ஒன்றை மறந்துவிட்டதுபோல, மெதுவாகச் சொன்னாள்: “யாரும் வாசிச்சுக் காட்டலியேம்மா.”

ஆட்டுக்குட்டிக் கதைப் புத்தகம் அலமாரியில் இருந்தது. எடுத்து விரித்து, முதல் வரியில் விரலை வைத்தேன். கடகடவென்று சொன்னாள். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் வைத்தேன். உதடுகள் அசைந்தன. முதல் வரியிலிருந்து அந்தச் சொல்வரை மனதுக்குள் ஓடிப்போய்த் தேடுகிறாள் என்று தெரிந்தது. பக்கத்தில் கிடந்த பேப்பரில் ஒரு தலைப்பைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள்.

கணவர் வெளியே போய் ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அவள் யாரையும் ஏமாற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வேனில் வரும் மிஸ் முதலில் வாசிப்பார், அப்புறம் பிள்ளைகள் வரிசையாக வாசிப்பார்கள். தன் முறை வருவதற்குள் இவளுக்கு மனப்பாடமாகிவிடும். பார்த்து எழுதச் சொன்னால் முத்துமுத்தாக எழுதுவாள். முதலாம் தரத்தில் இருந்தபோது நாட்டில் பெட்ரோல் இல்லாமல் பள்ளிக்கூடம் பாதி நாள் மூடிக்கிடந்தது. எழுத்துகளை அப்போது தவறவிட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளுடைய காது கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது. கேட்டுச் சொல்வதுதான் வாசிப்பு என்றே அவள் நம்பியிருந்தாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் கிடையாது. அதற்குத்தான் நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

வேனில் வரும் பெண்களில் ஒருத்தியிடம் போய்ச் சொன்னேன். “அவதான் எங்க வகுப்பில நல்லா வாசிக்கிற பிள்ள” என்றாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டாள். சுவரில், புத்தகத்தை விரித்துப் பிடித்து நிற்கும் என் மகளின் படம் ஒட்டியிருந்தது. கண்கள் புத்தகத்தில் இல்லை. சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பெருமையாகப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பெண் அவளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கி, முன்கூட்டி வாசித்துக் காட்டாமல் எழுத்திலிருந்து சொல்லித் தருகிறாள். மகள் வாசிக்கிறாள், திக்கித் திக்கி, விரலை வைத்து. அடுத்த விழாவுக்குக் கேட்டபோது முகமூடி செய்து தருகிறேன், மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா பாட ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போகிறாள். அவரும் வீட்டில் பாடுவதைக் குறைத்துக்கொண்டார். விழாவில் கதை சொன்ன மகளின் அந்தக் குரலை மறுபடி கேட்கவேண்டும்போல் எனக்கு இருக்கிறது. சொல்லிக் காட்டு என்று கேட்க வாய் வரவில்லை.

போன சனிக்கிழமை வீடு திரும்ப மகளோடு பதுளை பஸ் நிலையத்தில் நின்றேன். எந்த பஸ் என்று முன்பென்றால் கண்டக்டரைக் கேட்டிருப்பாள். அன்று பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயரைப் பார்த்து நின்றாள். உதடு அசைந்தது. “மொ… ன… ரா…” என்று மொனராகலையை அவள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கையில் அந்த பஸ் புறப்பட்டுப் போய்விட்டது.

“நம்ம பஸ்ஸாம்மா?” என்று பயந்துபோய்க் கேட்டாள்.

“இல்ல” என்றேன். “அடுத்தது வருது, பாரு.”