கறி என்று எழுதினேன்

போன வாரம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி பக்கத்தில் ஓர் ஓட்டலுக்குப் போயிருந்தோம். மெனு அட்டையில் 'வெஜ் கர்ரி' என்று போட்டிருந்தது. "அதையே சொல்லட்டுமா?" என்றாள் மனைவி. வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அவளிடம் மழுப்பியதை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கறி என்றால் ஆடு, இல்லாவிட்டால் கோழி. ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடந்தால் போதும், யார் வீட்டில் கறி என்று மூக்கே சொல்லிவிடும். தெற்கே போனால் வாழைக்காய்கூடக் கறியாகிவிடுகிறது. பழந்தமிழில் அதற்கு மிளகு என்று பொருளாம். நம்முடைய அந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் கப்பலேற்றிக்கொண்டு போய், மசாலா போட்ட எந்தக் குழம்புக்கும் 'கர்ரி' என்று பெயர் வைத்துவிட்டான். இத்தனையும் இப்போது தெரிகிறது. இருபத்திரண்டு வயதில் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளையில் எனக்குத் தட்டச்சு வேலை. ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று அளந்துதான் சேர்ந்தேன். வடக்கத்திக்காரர்களின் அறக்கட்டளை, ஒலக்கூர் பக்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார்கள். முட்டைகூட உள்ளே வரக்கூடாது. அங்கே சமைத்தது கன்னியம்மாக்கா. மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். புருஷன் கடலோடு போனபின் கரண்டியைப் பிடித்தவர்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து, விடுதியில் சாப்பிட்டு, பார்வையாளர் ஏட்டில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிவிட்டுப் போனார். எங்கள் செயலாளருக்கு ஆங்கிலம் வராது. நான்தான் மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்தேன். 'பிள்ளைகள் சுத்தமாக இருக்கிறார்கள். கறி மிகவும் ருசி.'

செயலாளர் நிமிர்ந்தார். "கறியா? நம்ம ஹாஸ்டல்லயா?"

"அப்படித்தாங்க எழுதிருக்காரு."

"மீன்காரி புத்தி போவுமா? அந்தத் தம்பி ருசியில தின்னுட்டுப் போயிடுச்சி, மேல பெரியவருக்குத் தெரிஞ்சா ஹாஸ்டலயே மூடிடுவாரு. அவள ஜல்தியா அனுப்பிடணும்."

கன்னியம்மாக்காவை வரவழைத்தார். "பூசணிக்கா கொழம்புங்க, சாமி சத்தியமா," என்றார் அவர். பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். "புள்ளைங்கள மெரட்டி வெச்சிக்கினு வந்து பேசுறியா?" என்றார் செயலாளர். அன்றோடு வேலை போனது. நான் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் ஏதோ உறுத்த, அகராதியைப் புரட்டினேன். கர்ரி: மசாலா சேர்த்த குழம்பு. அடியில், தமிழிலிருந்து வந்தது என்றும் போட்டிருந்தது. அந்த நிமிஷமே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. 'ஆங்கிலம் தெரியாதவன்' என்று என்னையும் அனுப்பிவிட்டால்? ஒரு வாரம் அந்தப் பயத்தோடு தின்று தூங்கினேன்.

கடைசியில் சொன்னபோது செயலாளர் கோபப்படவே இல்லை. "சரி உடு. புதுசா வந்தவ நல்லாத்தான் ஆக்குறா. வெளிய சொல்லிக்கினு திரியாத."

அடுத்த நாள் குப்பத்துக்குப் போனேன். கன்னியம்மாக்கா மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கருவாட்டு வாசனையும் என் வியர்வையுமாக, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப அந்தத் தம்பி, கொழம்பு நல்லாருக்குன்னுதான் எழுதிட்டுப் போச்சா?"

"ஆமாக்கா."

சட்டென்று முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டார். "இது உனுக்கு எப்போ தெரியும்?"

"ஒரு வாரமாச்சிக்கா."

மலர்ந்தது அப்படியே அடங்கியது. கருவாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கௌம்பு தம்பி. பஸ் போயிடும்."

விடுதி இன்று இல்லை. இடித்துவிட்டு மனை போட்டுவிட்டார்கள். செயலாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். கன்னியம்மாக்கா மகளோடு புதுச்சேரிக்குப் போனதாகச் சொன்னார்கள். அந்த மகளின் விலாசம் குப்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அந்த விடுதியில் படித்தவராம். கன்னியம்மாக்காவை ஞாபகம் இருக்கிறதா என்று ஆவலோடு கேட்டேன்.

"தெரியாம இன்னா சார்? ஹாஸ்டல்ல கறி ஆக்கி மாட்டிக்கினாங்களே, அந்த ஆயாதான?"

"கறி இல்லப்பா, பூசணிக்கா. நீயும் தின்னுருப்பியே," என்றேன்.

அவர் யோசித்தார். "இல்ல சார், கறிதான். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.