பூதம் பேசப்பிடாதாம்

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஆயுத பூஜைக்குப் பேட்டையில் ஒரு நாடகம். பட்டறைக்காரர்கள் சேர்ந்து போடுவது. என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். என் கவலைதான் உங்களுக்குத் தெரியுமே... பஸ் கிடைக்காதோ, கிடைத்தாலும் டயர் வெடிக்குமோ என்று பயந்து மதியமே போய் இறங்கிவிட்டேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

நாடகத்தை எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடிப்பவர் ஒரு பட்டறை முதலாளி. ஊருக்கே அண்ணாச்சி. கதை? பாபநாசம் மலையில் ஒரு பாழடைந்த பங்களா. இடி, மின்னல். ஒரு டாக்டர் செத்த உடம்புகளைத் தைத்துச் சேர்த்து ஓர் ஆளை உண்டாக்குகிறார். அந்த ஆள் கண்ணைத் திறந்ததும், அவன் முகத்தைப் பார்த்துப் பயந்து டாக்டரே ஓடிப்போகிறார். டாக்டர் — அண்ணாச்சி. பூதம் — அவரிடம் வேலை பார்க்கும் வெல்டர் செல்லையா.

ஏன் செல்லையா? பட்டறையில் காஸ் வெடித்துப் பாதி முகம் வெந்துபோனவன். எந்தப் பட்டறை? அண்ணாச்சியின் பட்டறைதான். "நமக்கு மேக்கப் வேலை மிச்சம் சார்" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் ஓடினதும் பூதம் தனியாக நின்று பேச ஒரு பக்கம் வசனம் இருந்திருக்கிறது. வெல்டிங் போடும்போதும் முணுமுணுத்து அதை மனப்பாடம் பண்ணியிருக்கிறான் செல்லையா. கடைசி ஒத்திகையில், என் கண் முன்னாலேயே அதை வெட்டிவிட்டார் அண்ணாச்சி.

"அது பேசப்பிடாதுலே. உறுமணும். பூதம் நியாயம் பேசுனா எவன் பயப்படுவான்?"

"அதுன்னு சொல்லாதீய அண்ணாச்சி. அவன்னு சொல்லுங்க" என்றான் செல்லையா.

"எழுதுனவன் நான். நான் அதுன்னா அதுதான்."

செல்லையா பைய வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ராதாபுரத்துல பொண்ணு பாத்திருக்கோம் சார். பொண்ணோட அப்பா இன்னைக்கு நாடகம் பாக்க வாராக. என் மூஞ்சிய ஏற்கெனவே பாத்தாச்சு. ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாக. நான் பேசுததையும் ஒருக்கா கேக்கட்டுமேன்னு நெனச்சேன்... உறுமுதவனுக்கு யாரு சார் பொண்ணு குடுப்பா?"

அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "நீங்க மாலைய வாங்கிட்டு உக்காருங்க சார், நாடகத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் வாடகை நூல் நிலையத்துப் பேய்க் கதைகளில்தான். எல்லாவற்றிலும் இதே அநியாயம். உண்டாக்கினவன் பக்கம் பக்கமாகப் புலம்புவான் — ஐயோ, தப்புப் பண்ணிவிட்டேனே, தூக்கம் போச்சே என்று. நாமும் உச்சுக் கொட்டிக்கொண்டே படிப்போம். உண்டானவனுக்கு? ஜன்னலைப் பிறாண்ட ஒரு வரி, அலற ஒரு வரி. அவ்வளவுதான். செய்தவனுக்கு அது ஒரு தப்பு. செய்யப்பட்டவனுக்கு அதுதானய்யா பிறப்பு. தப்பு என்று எவனோ அழுதுகொண்டிருப்பது தன் பிறப்பை என்று தெரிந்தால், கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

பொழுது சாய்ந்து நாடகம் தொடங்கியது. இடி இடித்தது. டாக்டர் அலறிக்கொண்டு ஓடினார். செல்லையா ஒரு தடவை உறுமினான். விளக்கு அணைய வேண்டும். அதற்குள் மைக்கைப் பார்த்து நடந்து வந்துவிட்டான்.

திரைக்குப் பக்கத்தில் நின்று அண்ணாச்சி கையைக் கையை ஆட்டினார். மேடைக்கு வர முடியுமா? ஓடினவன் திரும்பி வரவில்லை என்று எழுதினதே அவர்தானே.

"ஐயா, எங்கன ஓடுதீய? கண்ண முழிச்சதும் நான் மொதல்ல பாத்தது உங்க மூஞ்சியத்தான். எனக்கு அழகாத்தான் இருந்துச்சு. என் மூஞ்சி நானா செஞ்சது? ஒரு பேராவது வச்சிட்டுப் போங்க. யாராவது கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும்லா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "யோவ் டாக்டரு, அவனுக்குப் பதில் சொல்லும்வே" என்றது. யாரும் சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்து ராதாபுரத்துக்காரர் மேடைக்குப் பின்னால் வந்தார். செல்லையாவைப் பார்த்தபடியே நின்றார். அதற்குள் அண்ணாச்சி நடுவில் புகுந்துவிட்டார். வேண்டாம் என்று வெட்டின அதே மனுஷன்.

"எல்லாம் நான் எழுதுன வசனமாக்கும். இவன் சும்மா ஒப்பிச்சான்."

ராதாபுரத்துக்காரர் தோள் துண்டை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. எழுதுனவருக்கா நாங்க பொண்ணு குடுக்கப் போறோம்?"