பிடியாணைப் பட்டியலில் மாப்பிள்ளை

எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம் என்னால்தான் குழம்பியது. இதை நான் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, லண்டனின் சட்டன் பகுதியில் இருக்கிற எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சொல்லும் கதை வேறு. "சின்னம்மாக்காரி கண்டுபிடிச்சபடியால் பிள்ளை தப்பிச்சுது" என்று கோயிலில் என் கையைப் பிடித்துச் சொல்கிறார்கள். போன வெள்ளிக்கிழமையும் ஒரு மனுசி சொன்னா. எனக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது.

அக்காவின் மகளுக்கு முப்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளராக இருக்கிறாள். சாதகம் பொருந்தினால் அவளுக்குப் பிடிக்காது, அவளுக்குப் பிடித்தால் சாதகம் பொருந்தாது என்று ஆறேழு வருடம் போய்விட்டது. கடைசியில் இரண்டும் ஒத்துவந்த ஒருவர் கிடைத்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரில், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஆறு மாதமாக இரண்டு பேரும் போனில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிச் சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி அவள் சிரித்து நான் கனகாலம் பார்க்கவில்லை.

மண்டபம் பதிய வேண்டிய நேரம் வந்தது. அக்காவின் மனுசன், எங்கள் அத்தான், அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினார். "ஆளைப் பற்றி ஒருத்தரிட்டயும் விசாரிக்கேல்லையே" என்றார்.

எங்கள் ஆட்களின் விசாரிப்பு எப்படி என்று தெரியும்தானே. மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடம் கேட்பது மரியாதையில்லை. அவருக்குத் தெரியாமல் அவரைத் தெரிந்த நாலு பேரிடம் கேட்க வேண்டும். ஆள் லண்டனில் இருந்தால் அது ஒரு பின்னேர வேலை. கோலியர்ஸ் வுட்டில் இரண்டு கடைக்குப் போய் மீன் வாங்குகிற சாட்டில் கேட்டாலே அவர் குடிக்கிற பிராண்ட் வரைக்கும் தெரிந்துவிடும். ஆனால் இந்தப் பிள்ளை இருந்த ஊரைச் சுற்றி சோளமும் மாடும்தான். அங்கே கேட்பதற்கு ஒரு தமிழ்க் குருவி இல்லை.

அதற்குத்தான் என்னைப் பிடித்தார்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாக நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். "நீதானே கோர்ட் கச்சேரி எல்லாம் தெரிஞ்சவள். அமெரிக்காவில எல்லாம் நெட்டில போட்டிருப்பாங்களாம். ஒருக்காப் பாரன்" என்றாள் அக்கா. நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அந்தப் பெருமைக்குத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

இங்கே இங்கிலாந்தில் யாருக்குப் பிடியாணை இருக்கிறது என்று நீங்களும் நானும் போய்ப் பார்க்க வழியில்லை. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே கவுண்டி என்று ஒன்று, எங்கள் மாவட்டம் மாதிரி. கவுண்டிக்கு ஒரு ஷெரிஃப், அவர்தான் பொலிஸ் பெரியவர். பெயரை அடித்துத் தேடினால் முதலில் வருவது எல்லாம் காசு பிடுங்கும் தளங்கள். "இந்த ஆளைப் பற்றி அதிர்ச்சித் தகவல்" என்று சிவப்பில் மின்னும். அந்தக் கோதாரிகளை மூடிவிட்டு, கவுண்டி அரசாங்கத்தின் சொந்தத் தளத்துக்குப் போக வேண்டும். ஷெரிஃப் அலுவலகத்துக்கான இணையப் பக்கத்தில், மாட்டுச் சந்தை அறிவித்தலுக்கும் வீதி திருத்த அறிவித்தலுக்கும் நடுவில், நிலுவையிலுள்ள பிடியாணைகள் என்று ஒரு பட்டியல். யாரும் திறக்கலாம்.

திறந்தேன். ஸ்மித்துகளுக்கும் ஜோன்சன்களுக்கும் நடுவில் ஒரு நீளமான தமிழ்ப் பெயர் கிடந்தது. அப்பாவின் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. வயதும் சரி, ஊரும் சரி. அவர்தான்.

பெயருக்கு எதிரே எஃப்.டி.ஏ. என்று மூன்று எழுத்துகள். தவணைக்கு ஆஜராகவில்லை என்று அதற்கு அர்த்தம். குற்றம் செய்தார் என்றல்ல, கூப்பிட்ட நாளில் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். பட்டியலின் அடியிலும் ஒரு வரி இருந்தது: இதில் பிழை இருக்கலாம், நீதிமன்ற எழுதுவினைஞருடன் பேசி உறுதிப்படுத்தவும். பக்கத்திலேயே தொலைபேசி இலக்கம். அதையும் வாசித்தேன். வாசித்துவிட்டு என்ன செய்தேன்? படம் பிடித்தேன். அக்காவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "ஆளுக்குப் பிடியாணை இருக்கு."

பிடியாணை! எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஊரில் சண்டை நடந்த காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் அம்மாமார் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் விட்டாலும் நீதிபதியிடம் மன்னிப்புக் கேட்டுத் திருத்துவேன். முன்பின் தெரியாத கள்ளனுக்கும் குடிகாரனுக்கும் செய்த அந்த நியாயத்தை, அக்காவின் மகளுக்கு, என் சொந்தப் பெறாமகளுக்கு, செய்யவில்லை. அந்த மூன்று எழுத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற எழுப்பமும் பெருமையும்தான், வேறென்ன. கூடவே, எழுத்தெழுத்தாய் விளக்கிக்கொண்டிருந்தால் என் கண்டுபிடிப்புச் சப்பென்று போய்விடும் என்ற ஒரு சின்னத்தனமும் இருந்தது.

இதில் பெரிய வெட்கக்கேடு ஒன்று உண்டு. என் மனுசன் இந்த நாட்டில் இருப்பதே ஒரு பிடியாணையால்தான். ஊர் நீதிமன்றம் அவர் பெயரில் போட்ட பிடியாணையின் பிரதியை அவருடைய அம்மா எப்படியோ எடுத்து அனுப்பினா. அந்த ஒரு தாளைக் காட்டித்தான் அவருக்கு அகதி விசா கிடைத்தது. அந்தத் தாள் வந்த நாளில் அக்கா பால்பொங்கல் வைத்தவள். அத்தானோ அதை நாலைந்து பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினார். என் மனுசனுக்கு வந்தால் அது வரம், அந்தப் பிள்ளைக்கு வந்தால் களங்கம்.

நான் அந்தப் படத்தை அனுப்பி ஒரு மணித்தியாலம் கூட ஆகவில்லை. அத்தான் அமெரிக்காவுக்குப் போன் எடுத்துவிட்டார். அக்கா பிறகு சொன்னாள், மனுசன் ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினாராம். "எங்களை ஏமாத்தலாம் எண்டு நினைச்சீரோ? கோர்ட்டில தேடுற ஆளுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க நான் என்ன விசரனோ?" அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மாவும் இருந்திருக்கிறா. பிள்ளை இரண்டு தரம் "அங்கிள், ஒருக்காக் கேளுங்கோ" என்றிருக்கிறார். அத்தான் கேட்கிற ஆளா? வைத்துவிட்டார்.

அக்காவின் மகள் அப்போது வேலையில் நின்றாள். அவள் வீட்டுக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு நான் அங்கே போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அவள் என்னோடு கதைக்கவில்லை, என் மெசேஜுகளைப் பார்த்தாள், பதில் போடவில்லை. கவலையில் இருக்கிறாள், ஆறட்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு முள் மட்டும் குத்திக்கொண்டே இருந்தது.

மூன்று கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை வழக்கு ஒத்திவைக்கப்பட்டு நேரத்தோடு வெளியே வந்தேன். அமெரிக்காவில் அப்போது காலை. பஸ் தரிப்பில் நின்றபடியே அந்த எழுதுவினைஞரின் இலக்கத்தை அடித்தேன். முன்பே எடுத்திருக்க வேண்டிய போன் அது. ஒரு வயதான பெண் குரல் வந்தது. நான் யார், ஏன் கேட்கிறேன் என்றெல்லாம் அவ கேட்கவில்லை. பெயரும் பிறந்த திகதியும் கேட்டா. திகதி சாதகத்தில் இருந்தது, என் போனில் அதன் படமும் இருந்தது. சொன்னேன்.

"அதுவா ஹனி, அது கார் வேகமாய் ஓடினதுக்கு எழுதின தண்டப்பண டிக்கெட். தவணைக்குக் கூப்பிட்ட கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. ஆள் தெரிந்தவுடனே தானாகவே வந்து கட்டிவிட்டார். பிடியாணை எப்போதோ இரத்தாகிவிட்டது. ஷெரிஃப் அலுவலகப் பையன்கள் அந்தப் பட்டியலை ஒழுங்காகத் திருத்துவதில்லை" என்றா.

முழுக்க இரண்டு நிமிடம். என்னை நானே தூஷணத்தில் பேசினேன், பக்கத்தில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். ஆனால் கூடவே ஒரு நம்பிக்கையும் வந்தது. இன்னும் சரிப்படுத்தலாம். அத்தானைக் கொண்டு மன்னிப்புக் கேட்க வைக்கலாம், தேவையென்றால் நானே அந்தத் தாயின் காலில் விழலாம். வந்த பஸ்ஸில் ஏறி நேரே சட்டனுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவள்தான். அக்காவும் அத்தானும் கடைக்குப் போயிருந்தார்கள். உள்ளே வரச் சொன்னாள், இருக்கச் சொன்னாள், முகத்தில் ஒன்றுமில்லை. நான் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: டிக்கெட், பழைய விலாசம், கட்டியது, இரத்தானது. "பிழை எல்லாம் என்ரதான் பிள்ளை. அவருக்கு ஒருக்கா எடும். நான் கதைக்கிறன்" என்றேன்.

"அவர் இப்ப என்ர போனை எடுக்கிறேல்லை, சின்னம்மா. அவற்ர அம்மா அழுதவவாம். அப்பிடி ஒரு வீட்டில பொம்பிளை எடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா."

"உந்த டிக்கெட் கதையைச் சொன்னால் விளங்கும்தானே? இப்ப எங்களுக்கு உண்மை தெரியும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை.

"எனக்கு அது ஆறு மாசமாத் தெரியும், சின்னம்மா. கதைக்கத் தொடங்கின முதல் கிழமையே அவர் சொன்னவர். ரெண்டு பேரும் சொல்லிச் சிரிச்சனாங்கள்."

"அப்ப ஏன் பிள்ளை நீர் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். வேலையால வந்த உடனேயே அம்மாட்டச் சொன்னனான். அம்மா நம்பேல்லை. 'கோர்ட்டில வேலை செய்யிற சின்னம்மாவுக்குத் தெரியாததோ உனக்குத் தெரியும்' எண்டவ."