இலையில் வந்த மருந்து

ராமகுப்பத்தில் எங்கள் பட்டுப்புழு மனைக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கால் கழுவ வேண்டும். பூ, சென்ட் எதுவும் கூடாது. மல்லிகை வைத்துக்கொண்டு வந்த என் அக்காவையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு போனவள்தான், இன்னும் பேசவில்லை.

போன கோடையில், கூடு கட்டும் நேரத்தில், புழுக்கள் தலையை ஆட்டின, பச்சையாகக் கக்கின. சாயங்காலத்துக்குள் அடுக்கு அடுக்காகச் சுருண்டு செத்துக் கிடந்தன. பக்கத்து நிலத்துக்காரர் தக்காளிக்கு அடித்த மருந்து, காற்றில் வந்து எங்கள் மல்பெரி இலையில் படிந்திருந்தது. அந்த இலையை நான்தான் வெட்டிவந்து போட்டிருந்தேன்.

செத்த புழுக்களைக் குப்பைக்குழியில் கொட்டினோம். மண் தள்ளி மூடுவதற்குள் கோழிகள் கொத்திவிட்டன. மறுநாள் கோழிகளும் செத்துப்போயின.

அன்று பக்கத்து நிலத்துக்காரர் ஒரு கூடைத் தக்காளியோடு வந்தார்.

"காத்து இந்தப் பக்கம் திரும்பும்னு நான் இன்னாத்த கண்டேன்? மன்சுல வெச்சிக்காதம்மா" என்றார்.

எனக்கு வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது. கூடையை வைத்துவிட்டுப் போனவர், தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நல்லா கழுவிட்டுத் துன்னுங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகக் குப்பைக்குழிக்குப் போனேன். அங்கே எங்கள் பசு மேய்ந்துகொண்டிருந்தது. கூடையை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நின்றேன்.