மஞ்சள் நிறம் தேடிச் செங்கல்பட்டுக்கு

1975 ஆவணி, புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினோம், நானும் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவும். பதினெட்டு மைல் தூரம். எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டியது. இந்தப் பக்கத்துக்கெல்லாம் அரசாங்கம் திட்டப் படம் போட்டிருக்கிறது, அதில் நம் வீடுகளே இல்லை என்று கடைத்தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஆட்சேபணை கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. ஆண்கள் கடலில் இருந்தார்கள். ஐந்தாவது படித்தவள் என்று என்னை அனுப்பினார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் பாப்பம்மா.

கண்டக்டருக்கு அவளைத் தெரியும்.

"இன்னா பாப்பம்மா, மீன் கூடையக் காணோம்? கல்யாணமா?"

"ஆமா அண்ணாத்த, உனக்குத்தான் பொண்ணு பாக்கப் போறோம். டிக்கெட்டக் கிழி."

பஸ்ஸே சிரித்தது. நான் முந்தானையில் முடிந்திருந்த மனுவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குத் திருக்கழுக்குன்றம். மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட வரவில்லை. அதற்கப்பால் இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். செங்கல்பட்டில் பாப்பம்மா இட்லி வாங்கித் தந்தாள்.

பத்தரை மணிக்குத் திட்ட அலுவலகத்துக்குள் விட்டார்கள். சுவர் முழுக்கப் படம். வீடு இருக்கும் இடம் மஞ்சள், கடை சிவப்பு, வயல் பச்சை என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கோவளத்திலிருந்து கடலோரமாக விரலை ஓட்டி வந்தேன். எங்கள் இடத்தில் மஞ்சள் இல்லை. வெளிர் பச்சை அடித்து "பூங்கா" என்று போட்டிருந்தார்கள்.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர். பாப்பம்மா அவரிடம் போனாள்.

"இன்னா சார், எங்க வூட்டையெல்லாம் கடல்ல போட்டுட்டீங்களா?"

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து சொன்னார்: "நாங்க உட்கார்ந்த இடத்துல வரையறதில்லைம்மா. எங்க ஆளுங்க தெருத் தெருவா நடந்து, எந்த நிலம் எதுக்குப் பயன்படுதுன்னு குறிச்சுக்கிட்டு வருவாங்க. அதைத்தான் படமா போடறோம். போன கார்த்திகையில உங்க பக்கம் வந்தாங்க. அங்க வெறும் மணல்தான் இருந்தது. வீடெல்லாம் இதோ இருக்கே."

அவர் காட்டிய இடம் பனந்தோப்பு. அங்கே மஞ்சள் பளிச்சென்று இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஐப்பசி பிறந்தால் கடல் மேலே ஏறும். கீற்றையும் கழியையும் பிரித்துத் தோப்புக்குக் கொண்டுபோய்க் கட்டிக்கொள்வோம். தை பிறந்ததும் திரும்பி வருவோம். தோப்பு வேறு ஒருவருடையது. மழைக்கு ஒதுங்கிக்கொள்ள விடுகிறார், அவ்வளவுதான்.

பாப்பம்மா என் முதுகில் இடித்தாள். "நீ சொல்லுக்கா." எப்படியோ தலையைக் குனிந்தபடியே சொல்லி முடித்தேன். அவர் முழுதும் கேட்டார். மனுவை வாங்கி முத்திரை குத்தினார்.

"மறுபடியும் வந்து பார்ப்பாங்க. இந்தப் பக்கத்து ஊரெல்லாம் முடிச்சுக் கடற்கரைக்கு வரக் கார்த்திகை ஆயிடும். அப்ப வீடு அங்க இருந்தா மஞ்சள் போட்டுடலாம்."

"கொஞ்சம் முன்ன வரக்கூடாதுங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வரிசை எங்க கையில இல்லம்மா. இருக்கறதைத்தான் எழுத முடியும். இருக்கப் போறதை எழுத முடியாது."

ஒரு மணிக்குத் திரும்பும் பஸ்.

"அப்ப இந்த வருசம் வூட்டைப் பிரிக்காம குந்திக்கினு கீறதுதான். வேற இன்னா பண்றது?" என்றாள் பாப்பம்மா.

"அலை வந்தா?"

"கொழந்தைங்களத் தோப்புக்கு அனுப்பிடுவோம். நாம ரெண்டு பேரும் குந்திப்போம். கெழவிங்களக் கண்டா கடலே பயந்து ஓடும்."

சிரிக்கத்தான் பார்த்தேன்.

செங்கல்பட்டைத் தாண்டும்வரை தெரு ஓரமாகக் கல் வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கார்த்திகையானாலும் சித்திரையானாலும் அந்த வீடுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். என்றைக்கு வந்து குறித்தாலும் மஞ்சள்தான். மாமல்லபுரத்தில் இறங்கி மணலில் நடந்தபோது கடல் குளம்போல் கிடந்தது. எதிரில் வந்தவர்கள் "போன காரியம் இன்னாச்சு?" என்று கேட்டார்கள். பாப்பம்மா என்னைப் பார்த்தாள். இந்த முறை நானே சொன்னேன்: "மழைக்கு யாரும் வூட்டைப் பிரிக்கக் கூடாது."