கழுத்தில் ஆரம் போட்ட கிளி

எங்கள் ஊரில் கிளிக்குக் கழுத்தில் சிவப்பு வளையம் இருந்தால் அது பெண். வளையம் இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் ஆண். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. கழுத்தில் ஒன்று கட்டியிருந்தால் அவள் ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பது மனிதருக்குச் சரியாக வரும்போது கிளிக்கு மட்டும் ஏன் வராது? நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் ஒரு பனைமரத்தை வெட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமியார், என் கணவரின் இரண்டு அண்ணன்கள், அவர்கள் குடும்பம், நாங்கள் எனப் பதினோரு பேர், ஒரே அடுப்பு. நான் கூட்டி வைத்த குழம்பில் வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு கை உப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். சாப்பிடும்போது, "இன்னாம்மே, உப்பு கரிக்குது" என்று என்னைத்தான் கேட்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தனி அடுப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "கொல்லை ஓரத்துல கட்டிக்கினு போங்க. ஆனா ஆனி முடியறதுக்குள்ள பாலைக் காச்சிடணும். ஆடியில குடி போவ வுட மாட்டேன். ஆவணி வந்தா என் மனசு மாறிடும், அப்புறம் என்னைக் கேக்காதே."

தை முடிவதற்குள் மண் சுவர் எழுப்பியாயிற்று. பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்ததில் கைமரங்கள் கிடைத்தன. முகட்டுக்கு ஒரு நீளமான உத்திரம் மட்டும் வேண்டும். உயிரோடு இருக்கிற பனையில் கை வைக்க மாமியார் விடமாட்டார். முந்தின வருடம் இடி விழுந்து தலை போன பனை ஒன்று வயல் ஓரத்தில் நின்றது. அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேலே உளுத்துப் பொந்தாக இருந்தாலும் அடிப்பாகம் வைரம் பாய்ந்து இரும்பாக இருந்தது.

அந்தப் பொந்தில்தான் கிளிகள் வந்து போயின.

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமே, குஞ்சு கிஞ்சு வச்சிருந்தா?" என்றார் என் கணவர். அவர் எதற்கும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறவர். எறும்பு ஏறிய வெல்லத்தைக்கூட எறும்பு இறங்கும்வரை பொறுத்துப் பார்ப்பார். எனக்கு அந்தப் பொறுமை ஏது? கூரை இல்லாமல் நிற்கும் மண் சுவர் ஒரு கோடை மழைக்குத் தாங்காது. இருந்தாலும் பாவம் வந்து சேரக்கூடாதே என்று எட்டு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆரம் போட்ட கிளி கம்பங்கொல்லைப் பக்கமிருந்து கத்திக்கொண்டே வரும். பொந்தின் வாயில் தொற்றும். கழுத்தை ஆட்டி ஆட்டி உள்ளே எதையோ செய்யும். உடனே பறந்துவிடும். பகல் முழுக்க இதே கதைதான். ஒரு தடவைகூட அது உள்ளே போய் உட்காரவில்லை.

"முட்டை இருந்தா பெத்தவ இப்படியா ஊர் சுத்துவா?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"அடங்காப்பிடாரிப் பொட்டை போலக் கீது. முட்டையெல்லாம் ஒண்ணும் இருக்காது, வெட்டு" என்றார் அவர்.

மாசி பாதியில் மரம் வெட்டுகிறவர் வந்தார். என் கணவருக்குச் சிறு வயதுச் சிநேகிதர். அடியில் நாலு வெட்டுப் போட்டார். மரம் அதிர்ந்தது. மேலே இருந்து எதுவும் பறக்கவில்லை. ஒரு திருப்திக்காகப் பார்த்துவிடுகிறேன் என்று ஏறிப் பொந்துக்குள் கையை விட்டார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டன.

"கடிச்சிருச்சு அண்ணி. உள்ள குந்திகினு கீது." விரலைச் சூப்பிக்கொண்டே மறுபடி எட்டிப் பார்த்தார். "நாலு முட்டை. கழுத்துல ஒண்ணும் இல்ல. ஆம்பளதான் அடை காக்கறான்."

கீழே மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவரைப் பார்த்து, "பாத்துக்கோ, நாளைக்கு உனக்கும் இந்த வேலைதான்" என்றார். அவருக்கு வெட்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னா அண்ணி, வெட்டவா வாணாமா?" மேலே இருந்தவர் என்னைத்தான் கேட்டார். வீடு யாருக்கு வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

நான் பொந்தைப் பார்த்தேன். கோடாரி விழுந்தும் வெளியே வரவில்லை, ஆள் கை உள்ளே நுழைந்தும் வரவில்லை. எனக்கு வீடு இல்லை, அதற்கு இருக்கிறது. எனக்கு ஒன்று கிடைத்தால் நானும் இப்படித்தான் கடிப்பேன் என்று தோன்றியது. "எறங்குங்க" என்றேன். வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

குஞ்சு பறக்க எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மரம் வெட்டுகிறவர் இருபது நாள் என்றார். மாமியார் ஒரு மாதம் என்றார். கோழிக்கு உள்ள கணக்கைக் கிளிக்கும் போட்டார்கள். அது கோழி இல்லை என்பதை நான் நாள் எண்ணித் தெரிந்துகொண்டேன். மரத்தில் காதை வைத்துக் கேட்டதில் பங்குனி பாதியில்தான் உள்ளே முதல் கிறீச் கேட்டது. அப்புறம்தான் கதையே ஆரம்பம். ஆரம் போட்டது கொண்டுவந்து ஊட்டும், போகும், வரும். கொஞ்ச நாளில் ஆரம் இல்லாததும் வெளியே கிளம்பியது. இரண்டும் சேர்ந்து எங்கள் கொய்யா மரத்தைச் சூறையாடின. ஒரு கொய்யாவை முழுதாகத் தின்றால் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு காலில் பிடித்துக்கொண்டு ஒரு வாய் கடித்துவிட்டுக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். மருமகள் சமையலை ருசி பார்க்கிற நாத்தனார் மாதிரி.

சித்திரையில் ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. சுவர் மேல் பரப்பியிருந்த பனையோலையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. மழை நின்றதும் ஓடிப் பார்த்தால், அடுப்படிச் சுவர் ஒரு பக்கம் கரைந்து உட்கார்ந்திருந்தது. மற்ற சுவர் எல்லாம் நிற்க அடுப்படிச் சுவர்தானா விழ வேண்டும்? நேரே பனைமரத்துக்குப் போய் அண்ணாந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கறுப்பு முழி, அரைகுறைப் பச்சைச் சிறகு. அதன் மேலேறி இன்னொன்று எட்டிப் பார்த்தது. எனக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை. மறுநாள் என் கணவரே மண் குழைத்து அந்தச் சுவரை எழுப்பினார்.

நாலு முட்டையில் மூன்று குஞ்சு தேறியது. பெரியதற்கும் கடைசிக்கும் ஒரு வாரமாவது வித்தியாசம் இருக்கும். மூன்றுக்கும் கழுத்து மொழுக்கென்று இருந்தது. "மூணும் பையன்" என்று மாமியார் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார், ஏதோ அவருக்கே பேரன் பிறந்த மாதிரி. முதல் இரண்டும் வைகாசி பிறந்த கையோடு பறந்துவிட்டன. கடைசிக் குஞ்சு மட்டும் வாசலில் நின்று மூன்று நாள் யோசித்தது. என் கணவரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று சொன்னேன். நாலாம் நாள் அதுவும் போனது. அன்று மத்தியானமே கோடாரி வந்தது.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பாலைக் காய்ச்சினேன். பால் பொங்கியபோது அழுதேன். அழுகையைத் துடைத்துக்கொண்டு, என் அடுப்படிக்குள் இனி யாரும் கால் வைக்கக் கூடாது, உப்பு டப்பாவைத் தொடவே கூடாது என்று அறிவித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் அதை நிஜமாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அடுப்படி வாசலோடு நின்றுவிடுவார். கொல்லையில் பறித்ததை அங்கிருந்தே நீட்டுவார், கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். நானும் வா என்று சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்வது என் பரம்பரையில் கிடையாது.

வெட்டிய பனையின் மேல்துண்டை, அந்தப் பொந்தோடு, அவர் தூக்கிவந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். முதலில் ஒரு மைனா ஜோடி குடியேறியது. மார்கழியில் கிளிகள் வந்து மைனாவோடு நாலு நாள் சண்டை போட்டுத் துரத்தின. பழைய ஜோடிதானா என்று என்னைக் கேட்காதீர்கள். அதுகளின் கத்தல் என் அடுப்படிச் சன்னலுக்கு நேரே.

தையில் ஒரு காலை, சோறு வடித்துக்கொண்டே பார்த்தேன். மொழுக்குக் கழுத்துக் கிளி கிளையில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆரம் போட்டது ஓரடி வைத்து, ஒரு காலைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்து, வாயில் இருந்ததை ஊட்டியது. அப்புறம் அதன் முதுகில் ஏறியது. நான் கஞ்சித் தட்டைக் கீழே வைத்தேன். சேவல் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அப்படியானால் பொந்துக்குள் உட்கார்ந்து விரலைக் கடித்தது பெண். இரண்டு மாதம் சோறு சுமந்து அலைந்தது ஆண்.

ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். அவர் வந்து, நெற்றியில் கையை வைத்து வெகு நேரம் பார்த்தார். "அப்போ அதுங்க ஊர்ல ஆம்பளைக்குத்தான் தாலி கட்டறாங்களா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல ஊருதான்" என்று போய்விட்டார்.

நான் சன்னலுக்குத் திரும்பினேன். ஆரம் போட்டது பொந்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்தது. உள்ளே இருந்து ஒரு கொத்து விழுந்தது. பின்வாங்கி வாசலிலேயே தொற்றிக்கொண்டு, கொண்டுவந்ததை அங்கிருந்தே நீட்டியது. உள்ளே இருந்து ஒரு அலகு மட்டும் வந்து வாங்கிக்கொண்டது.

பின்னால் செருமும் சத்தம் கேட்டது. முருங்கைக்கீரைக் கட்டோடு என் கணவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏழு மாதமாக நிற்கும் அதே இடம். அவரும் சன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும்.

"கீரைய இப்படியே குடுத்துடவா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கீரையை வாங்கிக்கொண்டேன். மணையை அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டேன். "உள்ள வந்து குந்து" என்றேன். அவர் குனிந்து உள்ளே வந்தார். தான் எழுப்பிய சுவரில் சாய்ந்துகொண்டு முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொடவில்லை.

நானே எடுத்துக் கொடுத்தேன்.